ஓடத்தில் கிடந்தவன்

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், ஆடும். இப்படி ஃபேனுக்குக் கீழ வாங்க. என்னமோ சொன்னீங்களே, வெப் சீரிஸா? போன்ல பாக்குறதுதானே. அதுல செம்பவளம் கதையை எடுக்கப் போறீங்க. நல்லது, எடுங்க. யாருதான் எடுக்கல. ஆனா முதல் காட்சியில நானும் கமலவேணியும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து, நாங்கதான் மேடையில முத்திருளனாவும் செம்பவளமாவும் வாழ்ந்தவங்கன்னு பேசணும்னு கேக்குறீங்க பாருங்க, அது நடக்காது. நான் இப்பவே ரெடி. சட்டையை மாத்திக்கிட்டு வந்துருவேன். அவ வரமாட்டா. ஏன் வரமாட்டான்னு கேட்டா எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்றேன். நீங்களே பாத்துக்கங்க.

அழகம்மை, தம்பிக்கு மோர் கொண்டா.

கதை முழுசாத் தெரியுமா உங்களுக்கு? பேரு மட்டும் கேள்விப்பட்டிருக்கீங்க. சரி. கொள்ளிடத்துல ஓடம் விடுறவன் முத்திருளன். அக்கரையில பெரிய வீட்டுப் பொண்ணு செம்பவளம். திருவிழாவுக்குப் போக ஓடத்துல ஏறுனவ, இறங்க மனசில்லாம இறங்குனா. அப்புறம் தினம் ஒரு சாக்கு, தினம் ஒரு பயணம். அண்ணன்மாருக்குத் தெரிஞ்சு போச்சு. ஆத்துல வெள்ளம் வந்த நாளாப் பாத்து அவனை வெட்டி, அவன் ஓடத்துலயே கிடத்தி, தண்ணியில தள்ளி விட்டுட்டாங்க. ஓடம் தானா வந்து அவ காத்துக்கிட்டிருக்கிற துறையில ஒதுங்குது. துடுப்பு போடுற ஆளைக் காணோமேன்னு ஓடிவந்து பாக்குறா. உள்ள கிடக்குறான். அவன் தலைமாட்டுல உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறா. வச்சு முடிச்சுட்டு வெள்ளத்துல இறங்கி நடந்துர்றா. அவ்வளவுதான் கதை. எந்தக் காலத்துல நடந்துச்சோ, நடந்துச்சோ இல்லையோ. கரையோரத்துல பொம்பளைங்க நடவு நடும்போது பாடிக்கிட்டிருந்தாங்க. அதை நாடகமா எழுதுனது எங்க நாடக வாத்தியார். மேடையில நிக்க வச்சது நாங்க ரெண்டு பேரும்.

நான் ராஜபார்ட். அவ ஸ்திரீபார்ட். கதாநாயகன், கதாநாயகின்னு வச்சுக்கங்களேன். எங்க நாடகத்துல கம்பெனி, முதலாளியெல்லாம் கிடையாது. ஊர்க்காரங்க புதுக்கோட்டைக்கு வந்து, ராஜபார்ட் இவரு, ஸ்திரீபார்ட் இந்தம்மா, ஆர்மோனியம் அவருன்னு தனித்தனியாப் பேசி முடிச்சுட்டுப் போவாங்க. செம்பவளம் நாடகத்துக்கு மட்டும் தனித்தனியாக் கேக்க மாட்டாங்க. என் பேரையும் சேர்த்து, திருமேனி கமலவேணி ஜோடியைக் குடுங்கன்னுதான் கேப்பாங்க.

தப்பா எடுத்துக்காதீங்க. ஜோடின்னா மேடையில மட்டும்தான். இவதான் என் சம்சாரம், அழகம்மை. மோர்ல உப்பு போட்டியா? போட்டிருக்காளாம், குடிங்க. கமலவேணி மேடையில என்னை அத்தான்னு கூப்பிடுவா. கீழ இறங்குனா அண்ணே. ஒருநாள்கூட மாறிச் சொன்னதில்ல. அவளுக்கு அப்பன் யாருன்னு தெரியாது. அம்மாவும் ஸ்திரீபார்ட் போட்டவதான், சீக்கிரமே போய்ச் சேர்ந்துட்டா. கூடப் பிறந்தவங்க இல்ல. அதனால அவளுக்கு எல்லாம் நான்தான். எந்த ஊருக்குப் போறது, யாரோட சேர்ந்து நடிக்கிறது, எங்க தங்குறது, எல்லாம் நான்தான் பாத்துக்கிட்டேன். பெருமைக்குச் சொல்லல. கடமைன்னு செஞ்சேன்.

கடைசிக் காட்சி விடியுற நேரத்துல வரும். சக்கரம் வச்ச ஓடம். அதுல நான் கிடப்பேன். ரெண்டு பேர் மெதுவாத் தள்ளிக்கிட்டு வருவாங்க. நான் அசையக் கூடாது. மூச்சு விடுறது வெளியே தெரியக் கூடாது. கொசு உட்கார்ந்தாலும் விரட்டக் கூடாது. கண்ணைத் திறக்கவே கூடாது. அரைமணி நேரம் அப்படியே கிடக்கணும். ஆரம்பத்துல எனக்குப் பயமா இருக்கும் தம்பி. பெட்டியில வச்சு ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். எந்திரிச்சு ஓடிரலாமான்னு தோணும். அந்த நேரத்துல அவ குரல் வந்து மேல விழும்.

ஓடம் வந்து சேந்திருச்சே
ஓட்டி வந்த கையெங்கே
துடுப்பு மட்டும் நனைஞ்சிருக்கே
தொட்ட கை காஞ்சிருக்கே

இப்படித்தான் எடுப்பா. எடுத்தவுடனே முன்னால இருக்கிற சனம் மூக்கைச் சிந்துறது எனக்குக் கேக்கும். கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திரும். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் மத்த நேரமெல்லாம் நடிச்சேன். எனக்காக ஒருத்தி அழுவுறா. ஊரே சேர்ந்து அழுவுது. எந்த மனுஷனுக்குத் தம்பி தன் சாவுல அழுவுறதைக் கேக்கக் குடுத்துவச்சிருக்கு? எனக்குக் குடுத்துவச்சிருந்துச்சு. திரும்பத் திரும்பக் குடுத்துவச்சிருந்துச்சு.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, ஊரே பாத்து அழுத காட்சியை நான் ஒருதடவைகூடப் பாத்ததில்ல. காதாலதான்.

நாடகம் ஊர் ஊரா ஓட ஓட, அவ பேரே செம்பவளம்னு ஆயிப்போச்சு. விடிஞ்சதும் பொம்பளைங்க மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் கொண்டாந்து குடுப்பாங்க. சில ஊர்ல விழுந்து கும்பிடுவாங்க. நான் டீக்கடையில நின்னா, உங்க வீட்டம்மா அந்தப் பக்கம் நிக்கிறாங்கன்னு வந்து சொல்லுவாங்க. நான் திருத்த மாட்டேன். நாடகத்துக்கு நல்லதுதானே. ஆனா அவளைப் பொண்ணு கேட்டு ஒருத்தரும் வரல. எப்படி வருவாங்க? எவனும் முத்திருளன் சம்சாரத்தைக் கேட்டு வருவானா? அவளும் அதையெல்லாம் எதிர்பாக்கல. கலைக்குன்னே பிறந்தவ.

ஒருதடவை கேட்டா. "அண்ணே, வேற நாடகம் ஏதாச்சும் போடுவோமா? சிரிக்கிற மாதிரி ஒண்ணு. எனக்குச் சிரிக்க வரும்ணே." நான் சொன்னேன், "உன்னைப் பாத்துச் சனம் சிரிக்கவா வருது கமலம்? அழ வருது." அவ அதுக்கு மேல கேக்கல. சொன்னாப் புரிஞ்சுக்குவா. அந்தக் குணம் அவகிட்ட இருந்துச்சு.

அப்புறம் ரேடியோவுல போடுறோம்னு ஒரு அதிகாரி வந்தாரு. ஒருமணி நேர நாடகமாச் சுருக்கினாங்க. எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒப்பாரிக் காட்சி வந்ததும் அந்த அதிகாரி என்கிட்ட, "ஐயா, நீங்கதான் செத்துட்டீங்களே, வெளியில போய் டீ சாப்பிட்டுட்டு வாங்க"ன்னாரு. பாத்துக்கங்க. ரேடியோவுல பொணத்துக்கு வேலை கிடையாது. நான் விடல. மைக்குக்குக் கீழ தரையில படுத்துக்கிட்டேன். நான் கிடந்தாத்தான் அவளுக்கு அழுகை வரும்னு சொன்னேன். கமலவேணி குனிஞ்சு, "வேணாம்ணே, எந்திரிங்க, வேட்டி அழுக்காவுது"ன்னா. நான் கண்ணை மூடிட்டேன். அவளும் ஆரம்பிச்சா, தடுமாறுனா, மறுபடி ஆரம்பிச்சா, மறுபடி தடுமாறுனா. கடைசியில அதிகாரி கும்பிட்டு என்னை வெளியே அனுப்பிட்டாரு. கதவு மேல சிவப்பு விளக்கு எரிஞ்சுது. உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு சத்தம் வெளியே வரல. அவளும் ஆர்மோனியக்காரனும்தான் உள்ள.

ஒலிபரப்பானப்போ எல்லாரும் சொன்னாங்க, மேடையில கேட்டதைவிட இதுதான் உருக்கமா இருக்குன்னு. எனக்கு அப்படித் தோணல.

அந்த ஆர்மோனியக்காரன் பேரு சவரிராயன். திண்டுக்கல் பக்கம். சர்ச்சுல வாசிச்சுப் பழகுன கை. ஒல்லியா இருப்பான், அதிகம் பேச மாட்டான். எங்க நாடகத்துல ஆர்மோனியக்காரரு மேடையிலேயே ஒரு ஓரமா உட்காருவாரு. அவ எங்க மூச்சு வாங்குவா, எங்க இழுப்பா, எங்க விம்மி நிறுத்துவான்னு அவனுக்கு மனப்பாடம். அவ வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே சுருதி வந்து நிக்கும். தொழில்காரன்தான். நான் இல்லைங்கல.

ஒருநாள் காலையில டீக்கடையில என் பக்கத்துல வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளு ராயா."

"கமலவேணியை எனக்குக் கட்டி வைப்பீங்களா? அவங்களுக்குப் பெரியவங்கன்னு நீங்கதான் இருக்கீங்க. முறையா உங்ககிட்டக் கேக்கச் சொன்னாங்க."

"யாரு கேக்கச் சொன்னா?"

"அவங்கதாண்ணே."

நான் சிரிச்சுட்டேன். "விளையாட்டுக்குச் சொல்லியிருப்பா. நீ வேதக்காரன், அவ ஒரு பக்கம், அதையெல்லாம்கூட விடு. நாளைக்கு நீ அவ கழுத்துல தாலி கட்டிட்டா, நாளன்னைக்கு அவ எனக்காக அழுவுறதை எவன் நம்புவான்? செம்பவளத்தோட புருஷன் ஓரத்துல உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிக்கிறான்னு சனம் சிரிக்காதா?"

அவன் டம்ளரைக் கீழ வச்சான். அப்புறம் சொன்னான், "உங்க வீட்டுல அண்ணி இருக்காங்க. மேடையில நீங்க கமலவேணியைக் காதலிக்கிறதைச் சனம் நம்பலையாண்ணே?"

பதிலுக்குப் பதில் பேசுறவனோட எப்படித் தம்பி வேலை பாக்குறது? நான் அவனைப் போகச் சொல்லல. ஊர்க்காரங்களுக்கு ஆள் பேசி விடுற ஏஜெண்டுகிட்ட மட்டும், எங்க நாடகத்துக்கு இந்தச் சுருதி ஒத்துவரல, வேற ஆளாப் பாருங்கன்னு சொன்னேன். எங்க ஜோடியைக் கேட்டு வந்த ஊர்க்காரங்க வேற ஆர்மோனியத்தைப் பேசிட்டுப் போனாங்க. அவனுக்கு இந்தப் பக்கம் வேலை குறைஞ்சுது. அவனாத்தான் திண்டுக்கல்லுக்குப் போனான். அங்க தங்கச்சி வீடு இருந்துச்சு.

அவன் போன சேதியை நான்தான் கமலவேணிகிட்டச் சொன்னேன். கண்ணுக்கு மை தீட்டிக்கிட்டிருந்தா. "ராயன் ஊரோட போயிட்டானாம்"னேன். கை அப்படியே நின்னுச்சு. "சரிண்ணே"ன்னா. மறுபடி மையைத் தீட்டுனா. அவ்வளவுதான். மனசுல ஏதாச்சும் இருந்தா அந்த இடத்துல ஒரு சொட்டுக் கண்ணீர் வந்திருக்காதா? வரல. ஆனா அன்னைக்கு ஒப்பாரியில பாக்கணும், கேக்கணும் நீங்க. அப்படி ஒரு அழுகையை அதுக்கு முன்னாடி நான் கேட்டதில்ல. பாருடா, இடைஞ்சல் விலகினதும் நடிப்பு எப்படிக் கூடுதுன்னு நினைச்சுக்கிட்டேன். அதுலேருந்து அவ ஒப்பாரி ஒவ்வொரு வருஷமும் ஏறிக்கிட்டேதான் போச்சு.

சினிமாவுக்கும் கதை போச்சு. ஒப்பாரி எப்படி வைக்கிறதுன்னு கதாநாயகிக்குச் சொல்லிக் குடுக்கணும், குரலும் கமலவேணியே குடுக்கட்டும், அவங்களை மட்டும் மெட்ராசுக்கு அனுப்புங்கன்னு ஆள் விட்டாங்க. மட்டும்ங்கிறான் பாருங்க. ஜோடியாக் கூப்பிட்டா வருவோம், இல்லைன்னா இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். சினிமா வேற மாதிரி இடம் தம்பி. தனியா ஒரு பொம்பளையை எப்படி அனுப்புறது? அவகிட்ட அப்புறமாச் சொன்னேன். "நல்லதுண்ணே"ன்னுதான் சொன்னா. படம் வந்துச்சு. அதுல முத்திருளன் அண்ணன்மாரை எல்லாம் அடிச்சுப் போட்டுட்டு அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிர்றான். கடைசியில கல்யாணம், பாட்டு. எங்க பக்கத்துச் சனம் காறித் துப்புச்சு. எங்களுக்கு நாடகம் முன்னைவிட அதிகமா வந்துச்சு. உண்மையான செம்பவளத்தைப் பாக்கணும்னு வந்தாங்க. நான் அவளை அன்னைக்கு அனுப்பியிருந்தா இதெல்லாம் உண்டா? ஒரு பத்திரிகையில படக்கதையாக்கூட வந்துச்சு. எனக்கு மீசையைத் தப்பாப் போட்டிருந்தான்.

இப்படியே வருஷம் போச்சு. எனக்கு முடி நரைச்சு டோப்பா வச்சேன். அவளுக்கும் நரைச்சுது. ஜோடி மாறல. அரிதாரத்தைப் பூசி விளக்கைப் போட்டா வயசு யாருக்குத் தெரியுது?

அப்புறம் அந்த நாள். மணப்பாறை தாண்டி ஒரு கிராமம். சாயங்காலம் வேஷம் போட்டுக்கிட்டிருக்கோம். ஆர்மோனியக்காரருக்குப் போன் வந்துச்சு. பேசிட்டு, யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியாம, எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொன்னாரு. சவரிராயன் இறந்துட்டாராம்.

கமலவேணி எந்திரிச்சு என்கிட்ட வந்தா. "அண்ணே, நான் போகணும். நாளைக்கு மத்தியானம் எடுக்குறாங்களாம்."

"நாடகத்தை முடிச்சுட்டுப் போ கமலம். ஊர்க்காரங்க பந்தல் போட்டு உட்கார்ந்திருக்காங்க. விடிஞ்சதும் பஸ் இருக்கு."

அவ என்னையே பாத்தா. அவ எப்பவும் அப்படி நேராப் பாக்க மாட்டா. அப்புறம் போய்க் கண்ணாடி முன்னால உட்கார்ந்தா. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? ஒத்துக்கிட்ட நாடகம். அவளுக்கு அவன் என்ன உறவா, முறையா? கூட வேலை பாத்த ஒருத்தன்.

நாடகம் நல்லாவே நடந்துச்சு. எனக்குத்தான் அவளோட பேசுற காட்சியெல்லாம் என்னமோ மாதிரி இருந்துச்சு. வசனம் வருது, ஆள் இல்ல. விடியக் கருக்கல்ல என்னை ஓடத்துல கிடத்தித் தள்ளிக்கிட்டு வந்தாங்க. நான் கண்ணை மூடிட்டேன். அவ எடுத்தா.

எப்பவும் தலைமாட்டுல கேக்குற குரல், தள்ளிக் கேட்டுச்சு. சரி, இன்னைக்கு வேற மாதிரி நடிக்கிறா போலன்னு நினைச்சேன். குரல் இன்னும் தள்ளிப் போச்சு. ஆர்மோனியம் இருக்கிற அந்த ஓரத்துக்கே போயிருச்சு. அங்கேருந்து பாடுறா. பாட்டுலயும் புதுசாச் சேக்குறா.

விரலெல்லாம் விறைச்சிருக்கே
வித்தையெல்லாம் யார் கொண்டா
கட்டையெல்லாம் காத்திருக்கே
காத்தடைச்சுப் போனதென்ன

நான் படுத்துக்கிட்டே யோசிக்கிறேன். ஓடக்காரனுக்கு விரல்ல என்ன வித்தை? துடுப்புப் பிடிக்கிற கைதானே. பாட்டை மாத்துறவ ஒரு வார்த்தை முன்னாடியே சொல்ல வேணாமா? கொஞ்ச நேரத்துல ஆர்மோனியம் நின்னு போச்சு. அவரால வாசிக்க முடியல போல. மிருதங்கமும் நின்னுச்சு. அவ குரல் மட்டும்தான். அரைமணி தாண்டிருச்சு, ஒருமணியும் தாண்டிருச்சு. சூரியன் ஏறி என் கண் இமை மேல சுடுது. எறும்பு கழுத்துல ஊருது. கால் மரத்துப் போச்சு. என்னால எந்திரிக்க முடியல தம்பி. எந்திரிச்சா முத்திருளன் பிழைச்சுட்டான்னு சனம் சிரிக்கும். கண்ணைத் திறந்தாலும் சிரிக்கும். ஒரு விரலைக்கூட அசைக்க முடியாம கிடக்குறேன். ஆனாலும் மனசுல ஒரு பெருமை. என் ஆயுசுல அவ்வளவு நேரம் யாரும் எனக்காக அழுததில்ல.

அப்புறம் குரல் நின்னுச்சு. இப்ப ஆத்துல இறங்கணும். நீலச்சேலையை ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் பிடிச்சு ஆட்டுவாங்க, அந்தச் சத்தம் வரும். வரல. கைதட்டுவாங்க, தட்டல. ஒண்ணுமே கேக்கல. நான் கிடந்தேன். எவ்வளவு நேரம் கிடந்தேன்னு தெரியல. யாரோ தோளைத் தொட்டாங்க. எங்க பபூன், சிரிப்பு வேஷம் போடுறவன்.

"எந்திரிண்ணே. அவங்க போயிட்டாங்க."

"எங்க போயிட்டா?"

"பஸ் ஏறிட்டாங்க."

"வேஷத்தோடயா?"

"வேஷத்தோடதான்."

ஆத்துல இறங்கலையாம். மேடையை விட்டு இறங்கிச் சனத்துக்கு நடுவுல நடந்து, நேரா ரோட்டுக்குப் போயிட்டாளாம். சனம் எந்திரிச்சு வழி விட்டுச்சாம். யாரும் ஒரு வார்த்தை கேக்கலையாம். பட்டுப்பாவாடையும் சரிகைத் தாவணியும் கண்ணெல்லாம் வழிஞ்ச மையுமா திண்டுக்கல் பஸ்ஸுல உட்கார்ந்து போயிருக்கா. கண்டக்டர் டிக்கெட் கேக்கலைன்னு பேசிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் அவ என்னோட மேடை ஏறல. நான் ஆள் மேல ஆள் விட்டேன். ஊர்க்காரங்களை விட்டுக் கேக்கச் சொன்னேன். உடம்பு முடியலன்னு சொல்லி அனுப்புவா. வேற ஒரு பொண்ணைச் செம்பவளமாப் போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் பாடுச்சு. ஓடத்துல கிடந்தா எனக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சிருச்சு. பாதியில எந்திரிச்சு உட்கார்ந்துட்டேன். சனம் சிரிச்சுது. அன்னைக்கோட விட்டேன்.

அப்பதான் கேள்விப்பட்டேன். தஞ்சாவூர்ல நாடகம் சொல்லிக்குடுக்கிற ஒரு அம்மா கமலவேணியை வச்சு ஒரு புது மாதிரி நாடகம் போடுறாங்களாம். ஒரே ஆள்தானாம். நாடகத்தோட பேரு செம்பவளம். முத்திருளனை எடுத்துட்டாங்க. கதையில பாதி ஆளைத் தூக்கிட்டு அது என்ன கதை? பாத்துருவோம்னு அழகம்மையையும் கூட்டிக்கிட்டுப் போனேன். ஏசி போட்ட மண்டபம். படிச்சவங்களா உட்கார்ந்திருந்தாங்க. எங்களை முன் வரிசையில உட்கார வச்சாங்க.

மேடையில ஓடம் இல்ல. ஆறு இல்ல. ஒரு பாய் விரிச்சு அதுல ஒரு ஆர்மோனியம் மட்டும் மூடி வச்சிருந்துச்சு. வாசிக்கிறவரு இன்னும் வரல போலன்னு நினைச்சேன். கடைசி வரைக்கும் யாரும் வரல. ஆர்மோனியக்காரரைக் கூப்பிடக்கூட அவங்களுக்கு வசதி இல்லையோ என்னமோ. கமலவேணி வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு வந்தா. அரிதாரம் கிடையாது. டோப்பா கிடையாது. நரைச்ச தலையை அப்படியே முடிஞ்சிருந்தா. வந்து நின்னு, கதையை அவளே சொல்லி, அவளே பாடி, அவளே ஓடம் ஏறி இறங்கி, ஒப்பாரிக்கு வந்தா.

அன்னைக்குத்தான் தம்பி நான் முதல் முதலா அதைப் பாத்தேன். கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு.

அவ கண்ணு. எப்படிச் சொல்றது? நான் நினைச்சு வச்சிருந்த முகம் அது இல்ல. இத்தனை வருஷமா அவ குரலைக் கேட்டு, இப்படி இருப்பா, இப்படிக் குனிவா, இப்படிப் பாப்பான்னு எனக்குள்ள ஒரு முகம் இருந்துச்சு. அது வேற, இது வேற. அந்த ஆர்மோனியத்தைப் பாத்துத்தான் பாடுனா. வேற எங்கயும் பாக்கல. பாடி முடிச்சு, பாய் மேல உட்கார்ந்து, மூடியைத் திறந்து, ஒரு கட்டையை அமுக்கினா. ஒரே ஒரு சுரம். அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கையை எடுத்தா. விளக்கு அணைஞ்சுது. அவ்வளவுதான். செம்பவளம் சாகல.

உள்ள போய்ப் பாத்தோம். "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா"ன்னா. அழகம்மை அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. நான்தான் சொன்னேன்.

"ஒப்பாரி நல்லா இருந்துச்சு கமலம். ஆனா கிடக்குறதுக்கு ஆள் இல்லாம எடுபடல. மாசியில எங்க ஊர்த் திருவிழா. ஒரே ஒருதடவை ஜோடியாப் போடுவோம். எனக்காக."

"போடலாம்ணே. ஆனா நீங்க செத்ததும் படுதாவைக் கீழ இறக்கிருவோம். ஒப்பாரி வேணாம்."

"ஒப்பாரி இல்லைன்னா நான் எதுக்குச் சாகணும்?"

"அதை நீங்கதாண்ணே யோசிக்கணும்"னா. கோவமாச் சொல்லல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அவளுக்குச் சிரிக்க வரும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

திரும்பி வரும்போது பஸ்ஸுல அழகம்மை கேட்டா. "அவ எந்தப் பக்கம் பாத்து அழுதான்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். அதுக்கென்ன?"

"நம்ம கல்யாணம் முடிஞ்ச புதுசுல உங்க நாடகத்துக்கு வந்தேன். அன்னைக்கும் அந்தப் பக்கம்தான் பாத்தா. உங்க தலைமாட்டுல உட்கார்ந்துக்கிட்டு, ஆர்மோனியத்தைத்தான் பாத்தா. அதனாலதான் ஊரு என்ன பேசினாலும் நான் ஒண்ணும் கேக்காம இருந்தேன். எல்லாருக்கும் தெரியும். நீங்க ஒருத்தர்தான் கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எந்திரிச்சிருப்பீங்களா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. பொம்பளைங்க ஏதாச்சும் சொல்லத்தான் செய்வாங்க. மேடையில பார்வை நாலு பக்கமும் போகும். அதை வச்சு ஒரு முடிவுக்கு வர முடியுமா? இந்தா, அடுப்படியிலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. மறுத்துச் சொல்லட்டும் பாப்போம். சொல்ல மாட்டா.

சரி தம்பி, நேரமாச்சு உங்களுக்கு. நீங்க கமலவேணியைப் பாக்கணும்னா திண்டுக்கல் போகணும். பஸ் ஸ்டாண்டுல இறங்கி மாதா கோயில் தெரு எங்கன்னு கேளுங்க. கடைசியில பச்சைக் கதவு போட்ட வீடு. சவரிராயன் தங்கச்சி வீடு அது. அங்கதான் இருக்கா. தெருப் பொண்ணுங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கிறா. போன மாசம் நான் ஒருதடவை போயிருந்தேன். மரியாதையா உட்கார வச்சா. காபி குடுத்தா. அழகம்மையை விசாரிச்சா. ஒரு நாலு வரி பாடு கமலம், கேட்டுட்டுப் போறேன்னேன். தொண்டை சரியில்லண்ணேன்னா. சரின்னு எந்திரிச்சேன். நான் தெருமுனை தாண்டல, உள்ளேருந்து பாட்டு வந்துச்சு. அதே ஒப்பாரி. கூட ஆர்மோனியமும் கேட்டுச்சு. அவளே வாசிச்சுக்கப் பழகிட்டா போல. வெயில்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்.

நீங்க போய்க் கேளுங்க. உங்க படத்துக்குக் குடுப்பா. ஆனா நான் அனுப்புனேன்னு சொல்லாதீங்க. சொன்னா கதவைத் திறப்பா, காபி குடுப்பா. பாட மாட்டா.